தம்பி கொடுத்த பல்பு

தெருவே அவளைக் கண்ணக்கா என்றுதான் கூப்பிடும். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து கண் பரிசோதிப்பது அவள் வேலை. முன்பக்கம் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் மாட்டுவது அவள் கணவரின் வேலை. பின்னறைச் சுவரில் ஒரு பெட்டி இருந்தது. அதன் முகப்பில் பால் நிறத் தகடு, அதில் மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துகள், உள்ளே ஒரு பல்பு. அந்தப் பல்பு ஃபியூஸ் போன அன்றைக்குத்தானா அவள் தம்பி வந்து வாய்க்க வேண்டும்?

தம்பிக்கு ஜிகினா என்று பெயர் வைத்திருந்தார்கள். எதை விற்றாலும் பளபளப்பாக விற்பான். முன்பு குடை விற்றான், இப்போது பேர் தெரியாத கம்பெனியின் எல்.இ.டி. பல்பு. "பதினஞ்சு வாட்டுக்கா. உன் பழசு வெறும் ஒன்பது. வெளிச்சமும் டபுள், கரண்டும் மிச்சம்" என்றான். ஒன்பதைவிடப் பதினைந்து எப்படி மிச்சம் என்று அவள் கேட்பதற்குள் ஸ்டூல் போட்டு ஏறி மாட்டியே விட்டான். முன்னமே கையில் வாங்கிப் பார்த்தபோது முட்டை ஓடு மாதிரி கனமே இல்லை. கூடப் பிறந்தவன் கொடுத்ததை எடைபோட்டா பார்ப்பது என்று விட்டுவிட்டாள்.

அதன் பிறகு ஊரில் யாருக்கும் கண் சரியில்லை. வருகிறவர்கள் எல்லாம் எழுத்து வரிசையில் பாதியிலேயே தடுமாறினார்கள். பழைய கண்ணாடி போதவில்லை, கொஞ்சம் பவர் கூட்டுங்கள் என்றார்கள். கணவருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் செல்போன் பண்ணுகிற வேலை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பிரசங்கம் வைத்துக்கொண்டே லென்ஸ் தேய்த்தார்.

கழுகு வந்த அன்றுதான் கண்ணக்காவுக்கு உறைத்தது. கழுகு என்பவர் பஸ் டிரைவர். லைசன்ஸ் புதுப்பிக்கச் சான்றிதழ் வாங்க வருவார், கடைசி வரியைப் படிப்பார், அதற்கும் கீழே எறும்பு மாதிரி இருக்கும் அச்சகத்தின் பெயரையும் படித்துவிட்டுச் சிரிப்பார். இந்தத் தடவை இரண்டு வரி மேலேயே நின்றுவிட்டார். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"அப்ப வண்டிய விட்டுற வேண்டியதுதானாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கண்ணக்கா பேனாவை மூடினாள். இப்போதைக்கு எதையும் எழுத வேண்டாம், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் தானே போய் உட்கார்ந்தாள். அவளுக்கும் அதே வரியில் வண்டி நின்றது. பெட்டியைத் திறந்து பல்பின் அருகே கையை நீட்டினாள். சிவப்பு வளையல் காய்ந்த மண் நிறத்தில் தெரிந்தது. போன் கேமராவைக் காட்டினாள். திரையில் கறுப்புப் பட்டைகள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. பல்பு கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு எரிகிறது, கோளாறு கழுகின் கண்ணில் இல்லை.

தம்பியைக் கடைக்கு வரவழைத்துச் சொன்னாள். அவன் அசரவில்லை. "பல்பு மேல பழி போடாதக்கா. வயசானா கண்ணு மங்கத்தான் செய்யும்" என்றான்.

அந்த வார்த்தைதான் வினையாகப் போனது. அவள் கோபப்படவே இல்லை. வா, வந்ததுக்கு உனக்கும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று பாசமாகக் கூப்பிட்டாள். தெருமுனையில் நிற்கும் பஸ்ஸின் போர்டை இங்கிருந்தே படிப்பேன் என்று பீற்றிக்கொள்கிறவன், காலைத் தொங்கப்போட்டு ஒய்யாரமாக உட்கார்ந்தான். மேல் வரிகளைக் கடகடவென்று ஒப்பித்தான். பாதிக்குக் கீழே வந்ததும் கழுத்து நீண்டது.

கண்ணக்கா உச்சுக் கொட்டினாள். கணவரைக் கூப்பிட்டுக் கண்ணடித்தாள். அவர் ஒன்றும் கேட்காமல், கடையிலேயே தடிமனான லென்ஸைக் கொண்டுவந்து மச்சினன் மூக்கில் ஏற்றினார். மாப்பிள்ளைக்கு இந்த வயசிலேயே இப்படியா என்று வருத்தப்பட்டார். ஒவ்வொரு வருஷமும் கூடிக்கொண்டே போகும், ராத்திரியில் வண்டி ஓட்டுவதெல்லாம் இனி ஆகாது என்று அவள் சேர்த்துக்கொண்டாள். ஜிகினா பக்கத்தில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். கண்கள் இரண்டும் கோலிக்குண்டாகி ஆளே மீன் தொட்டிக்குள் இருப்பது போலிருந்தது. ஃபிரேமைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. லைட்டுதான் மங்கலா இருக்கு. எவன் கொடுத்த பல்பு இது?"

"நீதான்டா" என்றாள் அக்கா.

கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் முன்பக்கம் ஓடிவிட்டார்.

அப்போதும் அவன் லேசில் விடவில்லை. இந்தக் கடையில் வோல்டேஜ் கம்மி என்று ஒரு நூலை விட்டுப் பார்த்தான். கண்ணக்கா பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர் காட்டிய வித்தை ஒன்றைச் செய்து காட்டினாள். வெள்ளைத் தாளின் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் வைத்தாள். மேஜையின் ஒரு முனையில் அவன் பல்பு, மறுமுனையில் எலக்ட்ரிக் கடையில் அப்போதுதான் வாங்கிவந்த ஒன்பது வாட் பல்பு. அறையை இருட்டாக்கித் தாளை நடுவில் பிடித்தாள். இரண்டு பக்கமும் வெளிச்சம் சமமாக விழுந்தால் எண்ணெய்ப் பொட்டு கண்ணுக்குத் தெரியாது என்றாள். பொட்டு நன்றாகவே தெரிந்தது. தாளைத் தம்பியின் பல்பு பக்கம் நகர்த்தினாள், இன்னும் நகர்த்தினாள். பல்பை முட்டப்போகும் நேரத்தில்தான் பொட்டு மறைந்தது. இரண்டு பல்புக்கும் ஒரே வயரில்தான் கரண்டு. ஜிகினா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் புதுப் பல்பின் வெளிச்சத்தில் கழுகு கடைசி வரியைப் படித்தார், அச்சகத்தின் பெயரையும் படித்தார். அப்புறம் கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சான்றிதழில் கையெழுத்துப் போடும்போது அவளுக்கும் எழுத்து கொஞ்சம் கலங்கித்தான் தெரிந்தது.

பவர் கூட்டிக்கொண்டு போனவர்களை எல்லாம் திரும்ப வரவழைத்து, லென்ஸைச் சும்மா மாற்றிக் கொடுக்கச் சொன்னாள். கணவர் முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தார். செல்போனைப் பற்றி மூச்சு விடவில்லை.

தம்பியை மட்டும் ஆளையே காணோம். பல்புகளைக் குப்பையில் கொட்டியிருப்பான், பாவம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு மாலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனபோது ஒரு கூட்டம் தெரிந்தது. நடுவில் ஜிகினா. அதே பெட்டிகள், பதினைந்து வாட் என்றிருந்த இடத்தில் நிலா படம் ஒட்டியிருந்தது. படுக்கையறைக்கு ஏற்றது, கண்ணைக் கூசாது, குழந்தை முழித்துக்கொள்ளாது என்று கூவிக்கொண்டிருந்தான். ஆட்கள் இரண்டிரண்டாக வாங்கினார்கள்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"ஏன்க்கா முறைக்கிற? இப்ப உள்ளதச் சொல்லித்தான் விக்கிறேன்" என்றான். "இதுக்கு இவ்வளவு கூட்டம் வரும்னு தெரிஞ்சிருந்தா, முதல்லயே உண்மையச் சொல்லியிருப்பேன்."