சந்துக்குக் குறுக்கே ஐந்து மீட்டர்

பிரிண்டர் கிடைக்கவில்லை என்று கணினி நான்காம் முறையாகச் சொன்னதும் ரசிக்பாய் என்னை முறைத்ததில் நியாயம் இருந்தது. இந்த பாவ்நகர்ச் சந்தில் அண்ணன் தம்பி கடையைப் பாகம் பிரித்துக்கொடுத்த பெரிய மனிதன் நான்தான். மின்விசிறி உனக்கு, தராசு அவனுக்கு என்று பிரித்துவந்த வேகத்தில் கணினியை அண்ணன் ரசிக்பாய்க்கும் பிரிண்டரைத் தம்பி தீரஜுக்கும் ஒதுக்கிவிட்டேன். சரிசமம் என்று இருவரும் கையெழுத்தும் போட்டார்கள். இரண்டு வருடமாக எதிரெதிர்க் கடை, பேச்சு கிடையாது. கணினி இல்லாமல் ஓடாத பிரிண்டரைத் தீரஜ் தினமும் துடைப்பான். புதிதாக ஒன்று வாங்கினால் தோற்றதாகிவிடும் என்று ரசிக்பாய் நினைத்தார்.

இப்போது அவர் மகள் நிமிஷாவுக்குக் கல்யாணம். பத்திரிகைகளில் ஒட்ட நானூறு விலாசங்கள் அச்சாக வேண்டும். தம்பி கடைப் படியை மிதிக்காமல் வேலை முடிய, மூன்று யூஎஸ்பி கேபிள்களைக் கோத்து, தன் கடையின் உள்கோடியிலிருந்து அவன் கடையின் உள்கோடிவரை இழுத்திருந்தார். தூது போனவன் நான். தீரஜ் தடுக்காமல் செருக விட்டான்.

கேபிள் விற்ற ஹேதல் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அஞ்சு மீட்டருக்கு மேல இது வேலை செய்யாதுன்னு அப்பவே சொன்னேன். நீளத்துலயும் பேரம் பேசினா எப்படி, ரசிக் காகா? ரெண்டு மேசையும் வாசலுக்கு வரட்டும்."

ரசிக்பாய் முனகிக்கொண்டே கணினியை வாசலுக்கு நகர்த்தினார். யாரும் போய்க் கேட்காமலே எதிரே தீரஜின் மேசையும் கரகரவென்று வந்தது. ஹேதல் கூடுதல் கேபிள்களைக் கழற்றிவிட்டு ஐந்து மீட்டர் கேபிள் ஒன்றை மட்டும் செருகினாள்.

பிரிண்டர் இரண்டு முறை இருமிவிட்டு ஓடியது. தீரஜ் ஒவ்வொரு தாளையும் எடுத்து மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினான். தன் பெயரைத் தேடுகிறான் என்று எனக்குப் புரிந்தது. எதிரே ரசிக்பாய் திரையைப் பார்ப்பதுபோல அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் தாளிலும் அந்தப் பெயர் இல்லை.

"என்னடா?" என்றேன், அவன் பக்கம் போய்.

"என் பேரு இல்ல காகா." சட்டைக்கையால் கண்ணைத் துடைத்தான். "இருந்துடுமோன்னு உயிர் போச்சு. வீட்டு ஆளுக்கு எவனாவது விலாசம் ஒட்டிப் பத்திரிகை அனுப்புவானா?"

பிறகு இரண்டு வருடத்தில் முதல்முறையாக அண்ணனைக் கூப்பிட்டான். "மோட்டாபாய்! மாமா ஊரையே தப்பா அடிச்சிருக்கீங்க!"

"கண்ணாடியப் போட்டுப் படிடா!"

"நீங்க போட்டுக்கிட்டா அடிச்சீங்க?"

பால்காரரின் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் கேபிளைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினார்கள். கேன்கள் அடியில் உரசாமல் போயின. ஸ்கூட்டர் சந்துமுனை திரும்பிய பிறகும் கேபிளை இறக்காமல், மாமாவின் ஊர் எதுவென்று இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.