பக்கத்து சீட்டில் ஓர் இழுப்பறை

பீரோக்காரருக்குக் காலி இடம் என்றாலே ஆகாது. முப்பத்திரண்டு வருஷம் இரும்பு பீரோ செய்த கை அது. கதவுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் சந்து இருந்தால் போதும், அளவெடுத்து, தகடு வளைத்து, ஒரு தட்டை மாட்டிவிட்டுத்தான் மூச்சு விடுவார். "என்னையும் எங்கயாவது அடுக்கி வச்சிடாதீங்க" என்று மனைவி கேலி செய்வாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது.

பட்டறையை விற்றுவிட்டு, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கிப்போட்டார். மலைப்பக்கம், மணல்காடு என்று ஒரு மாசம் சுற்றிவர ஆசை. தனியாக அல்ல. மகளோடு. அவள் ஐந்து மணி நேரத் தொலைவில் வேறு ஊரில் இருந்தாள், புருஷன், ஆபீஸ் என்று. அம்மா போன பிறகு அப்பாவும் மகளும் பேசுவது "சாப்டீங்களா", "சாப்ட்டேன்" என்பதோடு சரி. ஒரு மாசம் ஒரே வண்டியில் உட்கார்ந்து போனால் எதையாவது பேசித்தானே ஆகவேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார்.

கூப்பிட்டாரா என்றால், கூப்பிட்டார், அவர் பாணியில். "ஜீப் வாங்கியிருக்கேன். மலைப்பக்கம் போகலாம்னு இருக்கேன்" என்றார் போனில்.

"அப்படியா? லீவ் கிடைக்குதான்னு பார்க்கலாம்ப்பா."

'நீயும் வாயேம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? ம்ஹூம். அடுத்த மாசமும் இவர் அதையே சொன்னார், அவளும் அதையே சொன்னாள். போனை வைத்தவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பார்க்கலாமாம்! பெரிய மந்திரி இவ!" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவரைத் தவிர வீட்டில் வேறு யாரும் இல்லை.

அன்றைக்கே ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய், டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் நாலு போல்ட்டையும் கழற்றினார். சீட்டைத் தெருமுனையில் வண்டிகளுக்குச் சீட் தைக்கும் கடையில் சும்மாவே கொடுத்துவிட்டு வந்தார். ஆள் இல்லாத சீட்டு எதற்கு? இடத்தையாவது உருப்படியாக்கலாம்.

மனுஷர் வீம்புக்குச் செய்தாலும் வேலை என்னவோ வேலைதான். வலப்பக்கத்துக்கு நாலடி இழுப்பறை ஒன்று. இடப்பக்கத்தில் சீட்டு போய்விட்டதால், பின்கதவிலிருந்து முன்னால் கால் வைக்கிற இடம் வரை ஏழடிக்கு ஒரே இழுப்பறை. இழுப்பறை ஓடுகிற ஸ்லைடு அத்தனை நீளத்துக்குக் கடையில் கிடைக்காது. இரும்பு ஆங்கிளைத் தண்டவாளம் மாதிரி வைத்து, அதில் பேரிங்குகளை ஓடவிட்டார். இழுப்பறைக்குள் ஒரு பிடி கரண்டியைப் போட்டுக் கரடுமுரடான பாதையில் வண்டியை ஓட்டினார். எங்கே கடகடத்ததோ அங்கே கம்பளித்துணி ஒட்டினார். மறுபடி ஓட்டினார். மூன்று மாசம் இதே வேலை. கடைசியில் சுண்டுவிரலால் இழுத்தால் ஏழடியும் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் வாழ்நாளில் அதைவிட நல்ல சாமான் ஒன்றைச் செய்ததில்லை. அதைக் காட்டத்தான் ஆள் இல்லை.

"வேலை முடிஞ்சுது. திங்கக்கிழமை கிளம்பறேன்" என்று மகளுக்குச் செய்தி மட்டும் அனுப்பினார். சனிக்கிழமை காலையில் அவளே வாசலில் வந்து நின்றாள். தோளில் பெரிய பை, காலில் புத்தம்புது ஷூ.

"என்னடா இது, சொல்லாம கொள்ளாம?" என்றார். உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. அதைக் காட்டிக்கொண்டால் அவர் அவரா? "வா, வா, முதல்ல வண்டியைப் பாரு."

பையைக்கூட இறக்கவிடாமல் இழுத்துக்கொண்டு போனார். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். ஒரு தட்டுக்கு ஒரு சந்து. ஒரு டம்ளருக்கு ஒரு வளையம். ஒற்றை அடுப்பு, ஒரு மடக்கு நாற்காலி, ஒருத்தர் மட்டும் படுக்கிற கூடாரம். எதுவும் ஆடாது, எதுவும் இடிக்காது.

அவள் முன்பக்கம் சுற்றி வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்தாள். சீட்டு இருக்கவேண்டிய இடத்தில் இழுப்பறையின் முதுகு. அதன் மேல் பெல்ட் போட்டுக் கட்டிய தண்ணீர்த்தொட்டி.

"இங்க இருந்த சீட்டு எங்கப்பா?"

"அது எதுக்கு, தண்டத்துக்கு? தூக்கிட்டேன்" என்றார் பெருமையாக. "ஒரு இன்ச் வீணாகல, பாத்தியா?"

அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"ரொம்ப அழகா பண்ணியிருக்கீங்கப்பா" என்றாள்.

இவர் மேலும் கால் மணி நேரம் பேரிங்கைப் பற்றிப் பேசினார். பை எதற்கு இவ்வளவு பெரிசு என்று நடுவில் கேட்டதற்கு, "ஃப்ரெண்டோட சாமான்ப்பா, குடுக்கணும்" என்றாள். சேர்ந்து சாப்பிட்டார்கள். மத்தியானப் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். பத்திரமாகப் போய்வரச் சொல்லி, அவர் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் மருமகன் கூப்பிட்டார். "என்ன மாமா, திங்கக்கிழமைக்கு ரெண்டு பேரும் ரெடியா? அவ போன் எடுக்கவே மாட்டேங்கிறா. மலை ஏறின கனவுலயே இருக்காளா?"

"ரெண்டு பேரா?"

"என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க! ஆபீஸ்ல சண்டை போட்டு ஒரு மாசம் லீவ் வாங்கினாளே. உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கணும்னு என்னையும் வாயைத் திறக்கவிடல."

ஃப்ரெண்டோட சாமானாம்! புது ஷூவைப் பார்த்த கண்ணுக்கு அது எதற்கென்று தெரியவில்லையே! "அட முட்டாளே" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். உடனே மகளைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

ஞாயிறு காலை முதல் வேலையாகத் தெருமுனைக்குப் போனார். கடைக்காரர் அந்தச் சீட்டில்தான் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். "குடுத்ததைத் திருப்பிக் கேக்கறீங்களே, நியாயமா?" என்று முனகினாலும், எழுந்து தூசி தட்டிக் கொடுத்தார்.

சீட்டு வைக்கவேண்டுமானால் இழுப்பறையில் மூன்றடி போகவேண்டும். கோடு கிழித்தார். கிரைண்டரைக் கையில் எடுத்ததும் ஒரு நொடி தயங்கினார். அப்புறம் அறுத்தார். பொறி பறந்தது. மூன்று மாசத்து உழைப்பு இரண்டு துண்டாக விழுந்தது. வெட்டிய பக்கத்தில் புதிதாக முதுகுத் தகடு வைத்துப் பற்றவைத்து, சீட்டை இறக்கி, நாலு போல்ட்டையும் முறுக்கி முடிப்பதற்குள் திங்கள் விடிந்து, வெயிலும் ஏறிவிட்டது.

மறுபடி கூப்பிட்டார். எடுத்தாள்.

"சீட்டைப் போட்டுட்டேன்மா. நீ வா."

"அந்தப் பெரிய இழுப்பறையை வெட்டிட்டீங்களா? அய்யோ, ஏம்ப்பா!" என்றாள். "நான் லீவைத் திருப்பிக் குடுத்துட்டேன். இப்ப ஆபீஸ்லதான் இருக்கேன். இனிமே கேட்டா தரமாட்டாங்கப்பா."

"உன்னோட போகணும்னுதான் வண்டியே வாங்கினேன்" என்றார். "வாய்விட்டுக் கேக்கத் தெரியல எனக்கு. நீயில்லாம நான் எங்கயும் போகல."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிட்டாள்.

அவர் இடப்பக்கக் கதவைத் திறந்து, அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். காலை நீட்டினார். மகளுக்குத் தாராளமாக இடம் இருந்தது.