மெர்சியின் பைக், பேச்சிராஜின் கார், மூன்று ஓட்டங்கள்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது அல்ல. என் காரின் ஸ்டியரிங் இடது பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அலைன்மென்ட் கடையில் வண்டியை விட்டுவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடையில் வேலை செய்யும் இருவர் சக்கரத்தைக் கழற்றுவதை விட்டுவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டர்போ ஏற்றிய கார் முந்துமா, ஸ்போர்ட்ஸ் பைக் முந்துமா? மடியில் ஹெல்மெட்டோடு எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் குறுக்கே புகுந்தாள்.

“அண்ணே, நாங்க மூணு தபா வுட்டுப் பாத்துட்டோம். இன்னிக்கி வரைக்கும் பைசல் ஆவல.”

என் வண்டி தயாரான பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. அவள் சொன்னதைத்தான் எழுதப்போகிறேன். பெயர்கள் மட்டும் நான் வைத்தவை. ஓரிடத்தில் அவள் வாயைத் திறக்க மறுத்துவிட்டாள். அந்த இடம் வரும்போது நானும் உங்களோடு சேர்ந்து முழிப்பேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

‘எஞ்சினின் உறுமலில் இருங்காட்டுக்கோட்டையின் காற்றே ஒரு கணம்…’

வேண்டாம். காற்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும். அடுத்து:

‘மெர்சி துணிச்சலான பெண்.’

இதையும் அடித்துவிட்டேன். பைக்கின் மேல் அவள் துணிச்சல்காரி என்பது உண்மை. ஆனால் வீட்டில் ஒரே ஒரு வார்த்தை சொல்லத் துணிச்சல் இருந்திருந்தால் இந்தக் கதை நடந்தே இருக்காது. அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

மெர்சிக்குச் சொந்த ஊர் மண்ணூர். ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில், பெயின்ட் அடித்து வரும் வண்டிகளை வரிசை வரிசையான டியூப்லைட் வெளிச்சத்தில் தடவிப் பார்த்து, தூசி ஒட்டியிருக்கிறதா என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அப்பா தாவீது, கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸின் டிரைவர். மகள் சம்பாத்தியத்தில் ஒரு அறுநூற்றைம்பது சிசி ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கி வந்து வாசலில் நிறுத்தியபோது அவர் அதைச் சுற்றி வந்தார். “இதுல சாமான் வெக்க எடமே காணமே” என்றார்.

பேச்சிராஜுக்குக் கோவில்பட்டிப் பக்கம். எஞ்சின் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. இருங்காட்டுக்கோட்டையில் நாலு பேரோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தான். படுக்கப் பாய்தான் இருந்தது, ஆனால் வாசலில் ஒரு கார் நின்றது. யாரோ ஓட்டிச் சலித்த பழைய செடான். அதற்கு, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் பெரிய டர்போ மாட்டி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி, பின்சீட்டைக் கழற்றி எடுத்திருந்தான்.

இருவரும் சந்தித்தது ஒரு பெட்ரோல் பங்க் வரிசையில். அவள் பைக்கைப் பார்த்து அவன், “ஆளு ஒல்லியா இருந்தாலும் சத்தம் பெருசால்லா இருக்கு” என்றான். பைக்கைச் சொன்னானா தன்னைச் சொன்னானா என்று மெர்சிக்குப் புரியவில்லை. அதைக் கேட்கப் போனதில் சண்டை ஆரம்பித்தது. கார் பெரிதா, பைக் பெரிதா என்ற அந்தச் சண்டை ஷிஃப்ட் முடிந்த டீயோடு தொடர்ந்தது, போனில் தொடர்ந்தது, ஒரு மழைக்காலம் முழுக்கத் தொடர்ந்தது. எந்த நாளில் அது காதலாக மாறியது என்று இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை.*

* எனக்கும் தெரியாது. இந்த இடத்தில் ஒரு மழை இரவை எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை. பிடிக்காதவர்கள் நாலாம் எண்ணுக்குத் தாவலாம்.

பைக்குக்கு எடை குறைவு. காரின் சக்தியில் பாதிகூட இல்லாவிட்டாலும், தூக்கிச் செல்ல வேண்டிய பாரமும் மிகக் கொஞ்சம் என்பதால் நின்ற இடத்திலிருந்து சீறிவிடும். ரொம்ப முறுக்கினால் முன்சக்கரம் எழும்பும். அதுதான் அதன் கடிவாளம். கார் முதலில் டயரைத் தேய்த்துப் புகையைக் கக்கி, டர்போ விழித்துக்கொள்வதற்குள் பைக் போயே போய்விடும். ஆனால் வேகம் ஏற ஏறக் காற்று சுவராகிறது. பைக்கில் குனிந்திருக்கும் ஆளின் தோளும் முட்டியும் அந்தச் சுவரில் மோதுகின்றன. காருக்கு வழுவழுப்பான உடம்பு, சக்தியும் மிச்சம் இருக்கிறது.

ஆக, கேள்வி ‘எது வேகம்’ என்பதே அல்ல. ‘எங்கிருந்து எதுவரைக்கும்’ என்பதுதான். மெர்சிக்கும் பேச்சிராஜுக்கும் இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை தீர்ந்துபோவதில் அவர்களுக்கு விருப்பமில்லை என்று நினைக்கிறேன்.

(ஆனால் வீட்டார் விடவில்லை.)

4

மெர்சிக்கு ஆவடியிலிருந்து ஒரு வரன் வந்தது. சர்ச்சுக்காரர்கள் மூலமாக. அடுத்த வாரம் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

“நீ உங்க வூட்ல சொல்லு” என்றாள் மெர்சி.

“நீ மொதல்ல சொல்லு. பொண்ணு பாக்க வாறது உனக்குத்தான.”

“எங்க நைனா மூஞ்சியப் பாத்தா எனக்கு வார்த்த வராதுடா.”

“எங்கம்மா மூஞ்சியப் பாக்காமலே எனக்கு வராது. போன்லயே நாக்கு ஒட்டிக்கிடும்.”

கடைசியில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழிக்கு வந்தார்கள். பந்தயம். மூன்று ஓட்டத்தில் இரண்டில் யார் தோற்கிறார்களோ அவர்கள் தங்கள் வீட்டில் முதலில் பேச வேண்டும். அதுவும் அன்றைக்கே, மற்றவர் முன்னாலேயே.

ரோட்டில் ஓட்ட மெர்சி சம்மதிக்கவில்லை. “அங்க எங்க நைனா பஸ் வரும். லாரி வரும். அடிபட்டா யார் யாருக்குச் சொல்றது?” இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் ஒரு கிளப்புக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் வைத்திருந்தார்கள். வண்டிகளைச் சோதித்து, தனித்தனித் தடத்தில் விட்டார்கள். கொடி காட்டியவர் பரசுராமன் என்ற பெரியவர். ஒரு தடத்தில் கார், மறு தடத்தில் பைக் என்று நிற்பதைப் பார்த்து, “இன்னாம்மா, குடும்பச் சண்டையா?” என்று கேட்டார். “இன்னும் குடும்பம் ஆவல சார்” என்றாள் மெர்சி.

முதல் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து நானூறு மீட்டர். கொடி விழுந்ததும் மெர்சி டேங்க்கோடு படுத்துக்கொண்டாள். முன்சக்கரம் ஒருமுறை தரையை விட்டு எழுந்து உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்தபோது புகைக்கு நடுவே காரின் மூக்கு மட்டும் தெரிந்தது. எல்லைக் கோடு வரைக்கும் அவளுக்குத் திரும்பிப் பார்க்கவே தேவைப்படவில்லை.

இரண்டாவது, ஓடிக்கொண்டே. இருவரும் சேர்ந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஹாரன். அதற்குப் பிறகுதான் முறுக்க வேண்டும். ஹாரன் அடித்தது. கொஞ்ச தூரம் கார் பக்கத்திலேயே வந்தது. பிறகு ஒரு விசில் சத்தம் எழும்பியது, டர்போ. “நெஞ்சு மேல யாரோ கைய வெச்சித் தள்ற மாரி காத்துண்ணா. நா முறுக்கிக்கினே கீறேன். அவன் ஜன்னல் வழியா என்னப் பாத்து டாட்டா காட்டிக்கினே போறான்.”

அதைச் சொல்லும்போதுகூட அவளுக்கு எரிச்சல்தான்.

5

மூன்றாவது ஓட்டம் நின்ற இடத்திலிருந்து நேர்பாதையின் கடைசி வரை. முதல் பாதி அவளுடையது, மறுபாதி அவனுடையது. இடையில் எங்கே சந்திக்கிறார்கள் என்பதுதான் முடிவு.

மெர்சி நன்றாகவே கிளம்பினாள். பாதி தாண்டியதும் விசில் கேட்டது. கண்ணோரத்தில் காரின் மூக்கு வந்தது. பிறகு முன் டயர். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் கை. ‘சரி, நாந்தான் நைனாகிட்ட பேசணும் போல’ என்று அவள் மனதுக்குள் வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டாள்.

டப்!

கை மறைந்தது. டயர் மறைந்தது. மூக்கும் மறைந்தது.

அவள் கோட்டைத் தாண்டி, வேகம் தணித்துத் திரும்பி வந்தபோது பேச்சிராஜ் ஓரமாக நிறுத்தி பானட்டைத் திறந்திருந்தான். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் கழன்று தொங்கியது.

“அந்து போச்சா?”

“கழண்டுட்டு.”

அவள் குனிந்து பார்த்தாள். ஹோஸில் கிழிசல் இல்லை. அதைப் பிடித்திருக்க வேண்டிய கிளாம்ப் உடையவும் இல்லை. தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

“யார்றா இத்த டைட் பண்ணது?”

“நாந்தான்.”

“எப்போ?”

“இப்பத்தான், ரெண்டாவது ஓட்டம் முடிஞ்சதும் பாத்தேன்.” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “சூட்டுக்கு எளகியிருக்கும்.”

*

இந்த இடத்தில் என் பாத்திரத்தின்மேலேயே எனக்குச் சந்தேகம். பார்த்தபோது இறுக்கினானா, தளர்த்தினானா? சந்தேகத்தைத் தீர்க்கும் ஒரு பத்தியை எழுதினேன். அதில் பேச்சிராஜ் கையில் ஸ்க்ரூடிரைவரோடு தனியாக நிற்கிறான், சுற்றிலும் பார்க்கிறான், பிறகு…

நிறுத்திவிட்டேன். மெர்சி இதுவரை அவனிடம் கேட்கவில்லை. அவள் கேட்காததை நான் எப்படிக் கேட்பது?

6

பேச்சிராஜ் போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான். அம்மா சந்தனமாரி கோவில்பட்டியில் வீட்டில் கிரைண்டரை ஓடவிட்டிருந்தாள். அந்தச் சத்தம் தளம் வரைக்கும் கேட்டது.

“அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்.”

“வண்டிய எங்கயும் இடிச்சிட்டியாலே?”

“இல்லம்மா. ஒரு பிள்ளையப் பிடிச்சிருக்கு. கட்டிக்கிடலாம்னு இருக்கோம். மண்ணூர்க்காரி. மெர்சின்னு பேரு.”

கிரைண்டர் நின்றது.

“வேதக்காரவுகளா?”

“ஆமா, சர்ச்சுக்குப் போறவுகதான்.”

மெர்சி கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

“இத்தன நாளு இல்லாம இன்னைக்கி என்னலே திடீர்னு சொல்லுத?”

“பந்தயத்துல தோத்துட்டேம்மா.”

“எவன்ட்ட?”

“அவகிட்டத்தான்.”

“அவ எதுல வந்தா?”

“பைக்குல.”

“நீ?”

“காருல.”

பேச்சிராஜ் திரையைப் பார்த்தான், லைன் இருந்தது. பிறகு சந்தனமாரி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“அந்தப் பிள்ளைட்ட போனக் குடு. ஸ்பீக்கர அமத்திட்டுக் குடு.”

மெர்சி ஹெல்மெட்டைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, போனை வாங்கிக் காதில் வைத்து, டயர்களை அடுக்கிக் கட்டியிருந்த தடுப்புப் பக்கமாக நடந்தாள். முதலில் “வணக்கம்மா” என்றாள். பிறகு “ஆமாம்மா” என்றாள். பிறகு அவன் காதுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டாள்.

7

அவள் எனக்குச் சொல்ல மறுத்த இடம் இதுதான். “அது எனக்கும் அவுங்க அம்மாவுக்கும் நடுவுல கீற விஷயம்ணா.”

நடந்த மிச்சத்தைத் தருகிறேன். அன்று மாலையே மெர்சி வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பேசினாள். பந்தயத்தில் ஜெயித்தவள் அப்படிச் செய்ய வேண்டிய கட்டாயமே இல்லை. தாவீது சில நாள் முகம் கொடுக்கவில்லை. ஆவடிக்காரர்களுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொன்னதும் அவரேதான். இப்போது இரு வீட்டிலும் பேச்சு நடக்கிறது. சர்ச்சிலா கோயிலிலா என்பதில் தகராறு. அதில் இருவருக்கும் அவ்வளவாகக் கவலை இல்லை; அவர்கள் இன்னும் கார், பைக் சண்டையிலேயே இருக்கிறார்கள்.

சந்தனமாரி போனில் என்ன சொன்னாள் என்று நானும் எழுதிப் பார்த்தேன்.

அ) ‘அவன் தோக்கணும்னுதான் ஓட்டியிருப்பான், எனக்குத் தெரியாதா?’ தாய் மனம் என்று நினைத்து எழுதியது. ஆனால் கிளாம்ப் விஷயம் அவளுக்குத் தெரியாதே. அடித்துவிட்டேன்.

ஆ) ‘எங்க சாமியக் கும்புடச் சொல்ல மாட்டேன், எங்க வீட்டுச் சோத்தத் திங்கணும்.’ அழகாகத்தான் இருக்கிறது. அழகுக்காகவே எழுதியது போலவும் இருக்கிறது.

இ) ‘என்ன அந்தப் பைக்குல ஒரு ரவுண்டு…’

இதை முடிக்கவில்லை.

அதனால் சந்தனமாரியின் வாய்க்கு நீங்களே ஒரு வார்த்தை கொடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. அதைக் கேட்டதும் மெர்சி டயர் தடுப்பில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்க நேரமானது. நின்ற பிறகு ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கிக்கொண்டுதான் பேச்சிராஜிடம் திரும்பி வந்தாள், கண் ஈரமாக இருந்தது அவனுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக.

நீங்கள் எழுதும் வார்த்தை இரண்டையும் செய்ய வேண்டும்.