எலுமிச்சை வாசனை என்னும் குற்றம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் மடியிலிருந்து திருடினேன். 2006-ஆம் வருடம், கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில், பொன்னேரியில் ஏறி எதிரில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணிப்பை. பை நிறையப் பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோல். ஜூஸ் கடைக்காரர் குப்பையில் கொட்டவேண்டிய சரக்கை அவள் நகைப்பெட்டி மாதிரி அணைத்துக்கொண்டிருந்தாள்.

எதற்கு என்று கேட்டிருக்கலாம். எனக்குக் கூச்சம். கேட்டிருந்தால் ஒரு வரியில் பதில் கிடைத்திருக்கும். கேட்காத பாவத்துக்கு இப்போது உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

ஆரம்ப வரிக்காக நான் பட்ட பாடு:

'தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் வானத்தை நோக்கி' (அடித்துவிட்டேன். கும்மிடிப்பூண்டி என்றால் எல்லோரும் புகைபோக்கியில்தான் தொடங்குகிறார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.)

'மெஹர்னிசாவுக்குக் கணவனுக்குத் தெரியாத ரகசியம் ஒன்று' (இது உண்மைதான். ஆனால் நீங்கள் வேறு ஏதாவது நினைத்துவிடுவீர்கள். அவளுக்கு அந்த மாதிரி ரகசியத்துக்கெல்லாம் நேரமில்லை.)

'கிஃபாயத்துல்லாவுக்குத் தன் மூக்கின்மேல் அபார நம்பிக்கை.'

இது இருக்கட்டும். கதையே அந்த மூக்கில்தான் இருக்கிறது.

3

கிஃபாயத்துல்லாவுக்குத் தன் மூக்கின்மேல் அபார நம்பிக்கை. பழவேற்காட்டுக்காரர். தரை துடைக்கும் திரவம் தயாரிக்கிற கம்பெனியில், சரக்கைச் சோதித்துப் பார்க்கும் லேப்பில் வேலை. (கம்பெனியின் பெயரைக் கேட்காதீர்கள். நானே கட்டி, நானே கூரை போட்ட கம்பெனி.) ஒரு மூடியைத் திறந்து மோந்தாலே சரக்கு எந்த டாங்கில் கலந்தது என்று சொல்லிவிடுவாராம். சொல்லிக்கொள்வது அவரே.

மாதம் ஒரு கேன், ஐந்து லிட்டர், 'லெமன்' வகை, ஊழியர்களுக்கு இலவசம். அதைக் கொண்டுவந்து வீட்டில் வைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். அதில் மெஹர்னிசா வீடு துடைத்த அன்று ராத்திரியெல்லாம் இருமுவார். பகல் முழுக்க ஆலையில் இழுத்த நெடி போதாதென்று வீட்டிலும் அதே நெடி. "இந்தத் தண்ணி உங்களுக்கு ஆவலீங்க" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"எங்க கம்பெனி சரக்கு மெஹரு அது. ஊரே வாங்குது. இது தூசி இருமல்" என்றார்.

மெஹர்னிசா கல்யாண நகையையும் பட்டுச் சேலையையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசிப் பழகியவள். தங்கத்துக்கும் பட்டுக்கும் ஒத்துக்கொள்வது தரைக்கு ஒத்துக்கொள்ளாதா என்று யோசித்தாள். அவர் வேலைக்குப் போனதும் கொட்டையை உடைத்து விதையை எறிந்துவிட்டு, ஊறவைத்த தோலை எலுமிச்சைத் தோலோடு கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து பழைய துப்பட்டாவில் வடிகட்டினாள். ஒரு கை உப்பு. கம்பெனி சரக்கைக் கீழ்வீட்டு அருணாவுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டாள். (அருணா மொத்தத்தையும் ஒரே வாரத்தில் தீர்த்தாள். சுத்தக்காரி.) காலி கேனில் தன்னுடையதை நிரப்பி, ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள். வெள்ளைக் கேன் என்பதால் உள்ளே இருப்பது வெளியே தெரியாது.

பூந்திக்கொட்டைத் தண்ணீர் நாலைந்து நாளில் புளித்துவிடும். அதனால் வாரம் இரண்டு முறை காய்ச்சினாள். நானும் காய்ச்சிப் பார்த்தேன். நுரை பொங்கி அடுப்பு அணைந்து, கண்ணில் தெறித்து, ஒரு மணி நேரம் அழுதேன். வாரம் இரண்டு முறை, இரண்டு மாதம் ஒருத்தி இதைச் செய்தாள் என்றால் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

4

இந்த இடத்தில் எனக்கு கிஃபாயத்துல்லாமேல் சந்தேகம் வந்தது. முதல் பிரதியில் அவரைக் கத்துகிற ஆளாக எழுதியிருந்தேன். உண்மை தெரிந்ததும் கேனைத் தூக்கி எறிகிறார், மெஹர்னிசா விம்முகிறாள் என்று ஒரு பக்கம் ஓடியது. ஆனால் ஈரத் தரையில் தடம் விழக்கூடாதென்று, அவள் துடைத்து முடிக்கும்வரை வாசலிலேயே செருப்போடு நிற்கிற மனுஷன் அவர். நின்றுகொண்டே "காஞ்சிடுச்சா?" என்று கேட்பார். அவரை எப்படிக் கத்தவைப்பது? அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

5

இரண்டு மாதம் நல்ல காற்று போனால் மூக்கு என்ன செய்யும்? திரும்பி வரும். அதுதான் வினை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம், வழக்கம்போல வாசலில் நின்றவர் மூக்கைச் சுருக்கினார்.

"இன்னா மெஹரு, வாசனை ஒரு மாதிரியா கீது?"

"எப்பவும் போலத்தாங்க கீது."

"இல்ல. இதுல எலுமிச்சம்பழ வாசனை வருது."

"லெமன்தானே போட்டுக்கீது கேன்மேல?"

"அதுக்குன்னு? எங்க லெமன்ல எலுமிச்சம்பழ வாசனையே வராதே!"

அவள் சிரித்துவிட்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் அவர் ஒரு சின்னக் குப்பியில் கேனின் திரவத்தை ஊற்றி, பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு போனது அவளுக்குத் தெரியாது.

லேப்பில் குலுக்கிப் பார்த்தார், நுரை அளவுக்கு மீறி நின்றது. லிட்மஸ் தாளை நனைத்தார், சிவந்தது. அவர்கள் சரக்கில் சிவக்கவே கூடாது. கடமை தவறாதவர், ரிப்போர்ட் எழுதி மேனேஜரிடம் கொடுத்துவிட்டார்.

(ஆலை விவரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள்: ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுத்து வைப்பார்களே? வைத்தார்கள். மொட்டைமாடி வெயிலில் வைத்தார்கள். ஸ்டிக்கரெல்லாம் உரிந்து, எது எந்தக் குப்பி என்று யாருக்கும் தெரியவில்லை. சரக்கும் விற்றுத் தீர்ந்திருந்தது.)

அந்த பேட்சைக் கலந்தவன் தணிகாசலம். எளாவூர்க்காரன். பத்து வருடமாகக் கான்ட்ராக்டில் இருந்து, அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆகவேண்டியவன். மத்தியானத்தில் கிஃபாயத்துல்லாவின் சாப்பாட்டு டப்பாவை உரிமையோடு திறக்கிற ஒரே ஆள். யாரோ புகார் கொடுத்ததாக மட்டும் சொல்லி, அன்றைக்கே அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை வந்து விளக்கம் தரவேண்டும். சரியான விளக்கம் இல்லாவிட்டால் வேலை இல்லை.

6

சனிக்கிழமை ஷிப்டு முடிந்து வந்து கிஃபாயத்துல்லா இதைச் சொன்னார். "ரொம்ப பேஜாரா கீது மெஹரு. டாங்கைத்தான் சரி பண்ணுவாங்கன்னு நெனச்சேன். ஆளையே அனுப்பிட்டாங்க. ஆனா அவன் தப்பா கலந்துக்கீறானே, நான் இன்னா பண்றது?"

மெஹர்னிசாவின் கையில் இருந்த தட்டு நின்றது. சொன்னால் தணிகாசலம் பிழைப்பான். ஆனால் பெண்டாட்டி காய்ச்சிய பூந்திக்கொட்டைத் தண்ணீரை லேப்பில் வைத்து, கூட்டாளியின் வேலைக்கு உலை வைத்தவர் என்று தொழிற்பேட்டையே சிரிக்கும். அந்த மூக்கைத் தவிர அவருக்குப் பெருமை என்று வேறொன்றும் கிடையாது. இது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இங்கே என்னிடம் இரண்டு வழி இருந்தது.

(அ) அவள் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை மேனேஜரே மனம் மாறி (இல்லை. மேனேஜர்கள் என் வசதிக்கு மனம் மாறமாட்டார்கள். தணிகாசலத்தின் பிழைப்பில் நான் சூதாடவும் மாட்டேன்.)

(ஆ) கீழே.

7

ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா முடிந்ததும் அவரைச் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னாள். எதுவும் விளக்கவில்லை. கொட்டையை உடைத்தாள். எலுமிச்சைத் தோலைப் போட்டாள். கொதி வந்தது.

கிஃபாயத்துல்லாவின் மூக்கு சுருங்கியது. பிறகு அவர் முகம் முழுவதும் சுருங்கியது. கேனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு மாசமா."

"ஏன் மெஹரு?"

"ரெண்டு மாசமா ராவுல நீங்க இருமவே இல்லீங்க."

இருமல் நின்றுபோனது அவருக்கே தெரியாது. தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வெட்கமும் பிரியமும் ஒன்றாக வந்தால் ஒரு மனுஷன் எந்தப் பக்கம் பார்ப்பான்? அடுப்பைப் பார்த்தார். பொங்கப்போகிறது என்று கைநீட்டிச் சிறிதாக்கினார்.

"நான்தான் தப்பு. நானே கம்பெனிக்கு வந்து சொல்றேன்" என்றாள்.

"நீ ஊத்தின, அவ்ளோதான். எழுதிக் குடுத்தவன் நானு. கம்பெனில நாளைக்குச் சொல்லிக்கலாம். மொதல்ல அவன் ஊட்டுக்குப் போவணும்" என்று சட்டையை எடுத்தார்.

8

எளாவூருக்குப் பஸ் ஏறிவிட்டார். கூட வருகிறேன் என்றவளை வேண்டாம் என்றுவிட்டார். திங்கட்கிழமை மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லுவார், சத்தியம். தணிகாசலத்துக்கு வேலை திரும்பக் கிடைக்கும், பெர்மனென்டும் ஆகும். இதை உங்கள் கையில் விடமாட்டேன். விடுவது வேறொன்றை.

கிஃபாயத்துல்லா கதவைத் தட்டிவிட்டார். வழியெல்லாம் அவர் வாய்க்கு நான் எழுதிக்கொடுத்த வரிகள்: 'தணிகா, ஒரு சின்ன' (சின்னதா?) 'எம் பொண்டாட்டி' (சீ, அவளை முன்னால் தள்ளுவதா?) 'அந்த ரிப்போர்ட்டு நான்தான்' (சரியான வரி. ஆனால் இதைச் சொல்ல அவருக்கு முதலில் வாய்ப்பு வேண்டுமே.)

கதவு திறந்தது. நாலு நாள் தாடியோடு தணிகாசலம். இவரைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"கம்பெனில இத்தினி பேரு கீறாங்க, ஒருத்தனும் எட்டிப் பாக்கல கிஃபா. நீ ஒருத்தன்தான்டா வந்த."

கையை விடாமல் உள்ளே இழுக்கிறான். எனக்கு இதற்குமேல் எழுத வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள், இப்போது அவர் என்ன பேசவேண்டும்?