இருபதில் வைத்த வெளிச்சம்

மாமனாரின் கரண்டி கட்டில் கம்பியில் ‘டங்’ என்று விழுந்தால் அவள் எழுந்தாக வேண்டும். தூங்குகிறாளா, குளிக்கிறாளா, வாயில் சோற்றை வைத்திருக்கிறாளா என்பதெல்லாம் கரண்டிக்குத் தெரியாது. பக்கவாதம் வந்து மனுஷரின் வலப்பக்கத்தையும் பேச்சையும் வாரிக்கொண்டு போயிற்று. இடக்கையையும் அதிகாரத்தையும் மட்டும் பத்திரமாக விட்டுவிட்டுப் போயிற்று. ஆலையில் காலமெல்லாம் ஃபோர்மேன். கூப்பிட்ட குரலுக்கு ஆள் வந்து நின்றே பழக்கம். கஞ்சி குடிக்கக் கொடுத்த கரண்டியை ஒருநாள் கையில் பிடித்தவர், பிறகு அதைக் கீழே வைக்கவே இல்லை.

நாத்தனார்தான் கொண்டுவந்து விட்டாள். ஒரு பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணி, வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம் என்றாள். அந்த வீட்டில் இன்னும் வெள்ளைதான் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், அரண்மனை போலிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டில் அறை வாசலில் நுழையாததால் கூடத்தில் போட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலைக்கு அவள் விடுப்புச் சொன்னாள். கரண்டிச் சத்தம் கேட்க வேண்டுமே என்று அன்றிலிருந்து படுக்கையறைக் கதவும் ராப்பகலாகத் திறந்தே கிடந்தது.

ராத்திரியெல்லாம் அவள் பொறுப்பு. புரட்டிப் படுக்க வைப்பது, ஈரத்துணி மாற்றுவது, தண்ணீர் கொடுப்பது எல்லாம். வீட்டுக்காரன் பஸ் ஓட்டுகிறவன், விடியுமுன் கிளம்ப வேண்டும். ‘என்னை நம்பி அத்தனை உயிர் வண்டில உக்காந்திருக்கு, நான் தூங்கி வழிஞ்சா என்னாகும்?’ என்பான். நியாயம்தான், அதற்கு எதிர்வாதமே கிடையாது. அவளை நம்பி உட்கார்ந்திருந்தது ஒரே ஓர் உயிர்தான், அதுவும் படுத்துக்கொண்டிருந்தது.

ஆக அவளுக்கென்று மிச்சமிருந்தது மத்தியானத் தூக்கம் ஒன்று. அதில்தான் மண்ணைப் போட்டது மீன்தொட்டி.

கூடத்துச் சுவரோரம் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல்தண்ணீர், நாலைந்து மீன், மீதியெல்லாம் பவளம். கிளை விட்டது, காளான் மாதிரி விரிந்தது, விரல் விரலாக ஆடுவது என்று வகைக்கு ஒன்று. நடுவில் ஒரு பெரிய பச்சைக் கிளைப் பவளம். விரல் நீளத்தில் வாங்கி வந்து முழங்கை நீளத்துக்கு வளர்த்தது. அதற்கு வீட்டுக்காரன் மகாராணி என்று பெயர் வைத்திருந்தான். கட்டின பெண்டாட்டிக்கு இத்தனை வருஷத்தில் ஒரு செல்லப்பெயர் வாயில் வரவில்லை, அது வேறு விஷயம்.

பவளத்துக்கு வெயில் வேண்டும் என்று தொட்டிக்கு மேலே பழைய ஹாலைடு விளக்குகள் இரண்டு தொங்கின. மத்தியானம் அவற்றைப் போட்டால் கூடம் அடுப்படியாகிவிடும். கிழவருக்கு முதுகு வேர்த்துக் கொட்டும், டங். விசிறிவிட்டு வந்து படுத்தால் அவர் தலையணை வேர்க்கும், டங். பழைய விளக்கு ஒழியட்டும், எல்.இ.டி. போடுங்கள், அது சுடாதாமே என்று அவள் சொல்லாத நாளில்லை. சட்டென்று மாற்றினால் மகாராணிக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ என்று அவன் இழுத்தடித்தான். கடைசியில் ஒருநாள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு நின்றவள் நின்றபடியே தூங்கிச் சுவரில் நெற்றியை இடித்துக்கொண்டாள். அந்த வாரம் எல்.இ.டி. வந்தது.

மாட்டி முடித்ததும் வீட்டுக்காரன் அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். விளக்கின் பக்கவாட்டில் வெளிச்சத்தை ஏற்றி இறக்க, நூறுவரை எண் போட்ட ஒரு திருகு இருந்தது. இப்போதைக்கு இருபதில் இருக்கும், வாரத்துக்குக் கொஞ்சமாக நானே ஏற்றுவேன், யாரும் தொடக் கூடாது என்றான்.

“புது வெளிச்சம்ல. கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும். ஒரேயடியா குடுத்தா தாங்காது, பாவம்” என்றான். குரல் அப்படிக் குழைந்தது.

அவளுக்கு வெளிச்சமாவது பாவமாவது. கூடம் குளிர்ந்திருந்தது, அது போதும். மறுநாள் மத்தியானம் கிழவருக்குக் கஞ்சி ஊட்டி, வாய் துடைத்துவிட்டு, கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவள் மாதிரி ஆசையாகப் போய்ப் படுத்தாள். கண் சொருகியது. டங்.

வேர்க்கவில்லை, துணி நனையவில்லை, தண்ணீரும் வேண்டாம். கரண்டியை நீட்டித் தொட்டியைக் காட்டினார். பழைய விளக்கில் பட்டப்பகலாய் இருந்த தொட்டி இப்போது நீலம் பாரித்து மங்கிக் கிடந்தது. மனுஷருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அது. டி.வி. ஓடுகிற வேகம் அவருக்குப் பிடிபடவில்லை, பவளம் ஆடுகிற வேகம் பிடிபட்டது. இருட்டாக்கிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டுகிற மாதிரி அவளைப் பார்த்தார். அவள் விளக்கிச் சொன்னாள். தலையாட்டினார். அவள் போய்ப் படுத்ததும் டங். மறுநாளும் சொன்னாள். மறுநாளும் டங். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அவள் அம்மிகூட இல்லை, தூக்கமில்லாத பொம்பளை.

மூன்றாம் நாள் திருகைப் பிடித்துக் கடைசிவரை திருகிவிட்டாள்.

திருகிவிட்டுப் பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். வருஷக்கணக்காக லென்ஸைத் தூக்கிப் பிடித்துக் கீறல் பார்த்த கண். அந்தக் கண் சொன்னது, முழுசாகப் போட்டும் பழைய விளக்கின் பிரகாசம் வரவில்லையே என்று. அந்த அனலிலேயே வளர்ந்த மகாராணிக்கு இந்த நீல மினுக்கல் என்ன செய்துவிடும்? கிழவர் கரண்டியை மார்மேல் போட்டுக்கொண்டு தொட்டியைப் பார்த்தபடியே கண்ணயர்ந்தார். அவளும் போய் விழுந்தாள்.

அதைத் தூக்கம் என்றா சொல்வது? கிணற்றில் போட்ட கல். எழுந்தபோது கன்னத்தில் பாயின் வரிகள் பதிந்திருந்தன, ஒரு நிமிஷம் இது எந்த வீடு என்றே தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது, அவ்வளவு நன்றாக இருந்தது. வீட்டுக்காரன் வருமுன் திருகை இருபதுக்குக் கொண்டுவந்து வைத்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கேட்டால் பாடம் நடத்துவான், எதற்கு வம்பு என்றிருந்தாள்.

அடுத்த வாரம் மகாராணி வெளுக்க ஆரம்பித்தாள்.

முதலில் நுனிகளில் சுண்ணாம்பு தொட்ட மாதிரி. பிறகு கிளை கிளையாக. ஆடிக்கொண்டிருந்த விரல்களும் சுருங்கிக் குமிழாயின. வீட்டுக்காரன் தண்ணீரைச் சந்தேகப்பட்டான். பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த கையோடு உப்பு கரைத்தான், வாளி வாளியாகத் தொட்டியிலிருந்து இறைத்தான், புதுத்தண்ணீர் ஊற்றினான். சட்டைகூட மாற்றவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்து, என்னம்மா பண்ணுது உனக்கு என்று கண்ணாடியிடம் கேட்டான். அவள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திருகு காரணமாயிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், மறுநாள் மத்தியானம் திருகவும் செய்தாள். தூக்கத்தின் ருசி அப்படி.

நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் தொட்டிக் கடைக்காரரை ஒரு சாயங்காலம் கையோடு அழைத்து வந்தான். தொட்டிக் கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து மேலும் கீழும் பார்த்தார் அவர். தண்ணீரைச் சோதித்தார், ஒரு குறையும் இல்லை என்றார்.

“மேல்பக்கம்தான் வெளுத்திருக்கு. நிழல்ல இருக்கற அடிப்பக்கம் பச்சை அப்படியே இருக்கு பாருங்க. இது வெளிச்சத்துல வந்த வினை. எவ்வளவுல வச்சிருக்கீங்க?”

இருபது என்றான் வீட்டுக்காரன். இருபதில் இப்படி ஆகவே ஆகாதே என்றார் அவர். பிறகு கதை சொல்வது போல் சொன்னார்: பவளத்துக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து அதற்குச் சோறு போடுகிறது, வெளிச்சம் தாங்காமல் போனால் பவளம் அந்தப் பாசியையே வெளியே துரத்திவிட்டு வெளுத்துப் பட்டினி கிடக்கும். எல்.இ.டி.யின் நீலம் நம் கண்ணுக்கு மங்கல், பவளத்துக்கு உச்சிவெயில். மங்கலாக இருக்கிறதே என்று ஏற்றிவிடுவார்கள், புதுசாக மாட்டுகிற முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு, இப்போதே நிறுத்தினால் பிழைத்துக்கொள்ளும், இன்னும் ஒரு வாரம் போனால் எலும்புதான் மிஞ்சும் என்று முடித்தார்.

தேநீர்த் தட்டோடு நின்றவளுக்குத் திருடனைத் தேள் கொட்டின கதையாயிற்று.

அவர் போனதும் வீட்டுக்காரன் ஏணியை எடுத்துவந்து ஏறினான். திருகில் கோளாறு, இருபது என்று காட்டிவிட்டு நூறாக எரிகிறது, இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாளைக்கே பழைய விளக்கை மாட்டுகிறேன் என்றான். அவளுக்குப் பகீரென்றது. வாயைத் திறந்தால் விளக்கு இருபதிலேயே நிற்கும், கரண்டி ஓயாது. திறக்காவிட்டால் பழைய அனல் திரும்பி வரும், அப்போதும் கரண்டி ஓயாது. எந்தப் பக்கம் போனாலும் தூக்கம் போயிற்று. எப்படியும் போகிற தூக்கத்துக்காக ஒரு உயிரையும் சேர்த்து அனுப்புவானேன்?

“விளக்குல கோளாறு இல்லைங்க. நான்தான் ஏத்திவச்சேன். தினமும் மத்தியானம்.”

அவன் ஏணியிலிருந்து இறங்கினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், கரண்டியை, தூக்கத்தை, சாயங்காலம் திருகைத் திரும்ப வைத்ததை. அவன் முகம் கறுத்தது.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. ஒரேயடியா குடுத்தா தாங்காதுன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க. எனக்கு மட்டும் ஒரேயடியாத்தானே குடுத்தீங்க? ஒருநாள் சாயங்காலம் கட்டிலக் கொண்டாந்து போட்டீங்க. அன்னைக்கு ராத்திரிலேருந்து நூறுதான். இருபதுலேருந்து ஆரம்பிக்கலாம், பாவம்னு யாரும் நினைக்கல.”

குரலை உயர்த்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை. விலை கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அவன் ஏணியை மடக்கினான், மடக்கினதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றான். கிழவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மறுநாள் அவன் டிப்போவில் ஒரு வாரம் விடுப்பு சொல்லிவிட்டு வந்தான். ராத்திரியும் மத்தியானமும் அப்பாவைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், அவள் தூங்கவேண்டியது மட்டும்தான் வேலை என்றும் சொன்னான். திருகை யாரும் தொடக் கூடாது. அப்பாவிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னால் கேட்பார், சொல்கிற விதத்தில் இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டான். அவள் சரி என்றாள்.

தூக்கம்தான் வரவில்லை. டங் என்றால் உடம்பு தானாக எழுந்து உட்கார்ந்தது. வாசல்வரை போய், தன் முறை இல்லை என்று நினைவு வந்து திரும்பிப் படுத்தாள். கூடத்தில் அவன் எடுத்துச் சொல்வது கேட்டது. முதல் நாள் அப்பா அப்பா என்று கொஞ்சினான். இரண்டாம் நாள் பவளத்துக்குள் இருக்கிற பாசியைப் பற்றி விளக்கினான். மூன்றாம் நாள், “உங்களுக்கு என்னதான்பா வேணும்?” என்று கேட்டான். அதற்குப் பதிலாகவும் டங்தான் வந்தது.

நாலாம் நாள் மத்தியானம் அவளைச் சத்தம் எழுப்பவில்லை, சத்தமில்லாததுதான் எழுப்பிற்று. ஏதோ ஆகிவிட்டதென்று பதறி ஓடிவந்தாள். வீட்டுக்காரன் கட்டிலோரம் வெறுந்தரையில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான், ஒரு காலில் செருப்பு. கிழவர் மலர்ந்த முகத்தோடு தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டி ஜெகஜோதியாக இருந்தது. அவள் திருகைப் போய்ப் பார்த்தாள். நூறு.

வந்த சிரிப்பைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு வாரம்கூடத் தாங்கவில்லையே, மகாராஜா.

உள்ளே மகாராணியின் அடிக்கிளையில் கொஞ்சம் பச்சை பாக்கியிருந்தது. அதை இவள்தானே பார்க்க வேண்டும், வேறு யார் விழித்திருக்கிறார்கள்? திருகை மெல்ல இருபதுக்குக் கொண்டுவந்தாள். கூடம் நீலமாக மங்கியது. கிழவரின் முகமும் மங்கியது. கரண்டி மேலே எழும்பிற்று.

அவள் தடுக்கவில்லை. கையை மட்டும் நீட்டித் தரையில் கிடந்த மகனைக் காட்டினாள்.

கிழவர் கழுத்தைத் திருப்பிக் கீழே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கரண்டி காற்றிலேயே நின்றது. பிறகு அதைக் கொண்டுபோய்ப் போர்வையின் மேல், பஞ்சுமேல் முட்டை வைப்பதுபோல், சத்தமே வராமல் வைத்தார்.

“அப்ப உங்களுக்கு முடியுது, மாமா” என்றாள் அவள்.

அவர் முகத்தைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தனை மத்தியானத்துக்கும் அத்தனை ராத்திரிக்கும் சேர்த்துக் கத்தியிருப்பாள், கத்துவதற்கும் உடம்பில் கொஞ்சம் சத்து வேண்டும். அறைக்குப் போனாள். அவர் வந்த நாளிலிருந்து திறந்தே கிடந்த கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டு படுத்தாள்.