கன்னத்தில் ஒரு புள்ளி

"உங்க அக்காவுக்கு அழவே தெரியாதாடி?" என்று சித்தி ஒருமுறை இவளிடம் கேட்டாள். விவாகரத்து வழக்கு முடிந்து, மகனை அவன் அப்பா வீட்டில் விட்டுவிட்டு அக்கா திரும்பி வந்த அன்று அது. கூடத்தில் எல்லோரும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு உட்கார்ந்திருக்க, அக்கா பாட்டுக்குச் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "கல்லுக்கு எங்க சித்தி அழுக வரும்?" என்று இவள் சொல்லித் தொலைத்தாள். உள்ளே பாத்திரச் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது. அதன்பிறகு அக்கா இவளிடம் பேசாமல் இல்லை. சாப்பிட்டியா, கதவச் சாத்து, மழை வருது. அந்த அளவோடு பேச்சு நின்றுபோனது.

சலவைக்கடையில் விரிப்பு மடிக்கிற வேலை இவளுக்கு. விடுமுறை நாளில் சின்னச் சின்னக் குறும்படம் எடுப்பாள். பதினெட்டு வருடப் பழைய டிஜிட்டல் கேமரா. பேட்டரி மூடி கழன்று விழாமலிருக்க ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். தெருவில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவன் உண்டு, அவனை எல்லோரும் ட்ரோன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் பார்க்கும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பான். "அதுக்கு ஓட்டுப் போடுற வயசாயிடுச்சு, இன்னுமா விடல? என்னோடது புதுசு, முகத்துல இருக்கிற முடியக்கூட எண்ணலாம்."

"எண்ணி என்ன பண்ணப் போற?" என்பாள் இவள்.

புதுக் கேமரா, வீடு பார்க்க வந்த உறவுக்காரி போல மூலைமுடுக்கெல்லாம் துருவும். இவளுடைய பழசு பார்த்தும் பாராததுபோல இருக்கும். இருட்டை இருட்டாகவே விட்டுவிடும். ஒரே குறை, அதன் கண்ணுக்குள் ஓர் இடம் கெட்டுப்போயிருந்தது. எதை எடுத்தாலும் படத்தின் வலப்பக்கம் கடுகளவு வெள்ளைப் புள்ளி நிற்கும். அதை பல்பின் மேலோ தம்ளர் விளிம்பிலோ சட்டைப் பொத்தானிலோ ஒளித்துவைத்துத்தான் ஒவ்வொரு காட்சியையும் அமைப்பாள். புள்ளிக்கு இடம் தேடித் தேடியே இவள் காட்சி பார்க்கப் பழகினாள்.

இந்த முறை ஜன்னலோரம் காத்திருக்கும் ஒரு பெண் வேண்டும். வருகிறேன் என்றவள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அக்காவிடம் கேட்டாள்.

"உக்காந்தா போதுமில்ல? நடி கிடின்னு சொன்ன, எந்திரிச்சுப் போயிடுவேன்."

ஜன்னல் தாழ்ப்பாளின் பளபளப்பில் புள்ளியை ஒளித்துவிட்டு இவள் பொத்தானை அழுத்தினாள். மடியைப் பார்த்துக் குனிந்திருந்த அக்கா, பக்கத்தில் யாருக்கோ இடம் விடுவதுபோலக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு மெல்ல முகத்தை நிமிர்த்தி வெளியே பார்த்தாள்.

கணினியில் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது; நகர்ந்து உட்கார்ந்ததில் அக்காவின் முகம்தான் அதற்கு நேராக வந்திருந்தது. முகம் நிமிர நிமிர, அது கண்ணுக்குக் கீழிருந்து கன்னம் வழியாகத் தாடைவரை இறங்கியது. பின்னால் நின்ற அக்கா திரைக்கருகே குனிந்தாள்.

"நான் அழலயே."

"அது புள்ளிக்கா. கேமராக் கோளாறு."

"இன்னொரு தடவ போடு."

போட்டாள். நகர்ந்து இடம் விடுகிற அந்தக் கணம் வந்ததும் அக்கா நாற்காலி முதுகை இறுகப் பற்றியது இவளுக்குத் தெரிந்தது. மூன்றாம் முறையும் போட்டாள்.

"அக்கா, அன்னைக்கு நான் சித்திகிட்ட..."

"சும்மா இரு. ஓடிக்கிட்டிருக்குல்ல."

படம் முடிந்து திரை கறுத்தது. அதில் இரண்டு பேரின் முகங்களும் மங்கலாகத் தெரிந்தன. ஒன்றை ஒன்று பார்க்கவில்லை.

"ட்ரோன்கிட்ட குடுத்தா நிமிஷத்துல புள்ளிய எடுத்துடுவான்" என்றாள் இவள். "எடுத்துடச் சொல்லவா? இல்ல, இருக்கட்டுமா?"

அக்கா சந்தைக்குப் போகிற பையைத் தோளில் மாட்டினாள். செருப்பை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். இவள் ஜன்னலுக்கு ஓடினாள். வெயில் சாய்ந்த தெருவில், நிறுத்தத்தை நெருங்கிக்கொண்டிருந்த அக்காவுக்காகப் பேருந்து ஒன்று வேகம் குறைத்து நின்றது, கதவும் திறந்தது. அக்கா போகச் சொல்லிக் கையசைத்துவிட்டு, அதே கையால் புள்ளி இறங்கிய கன்னத்தைத் தொட்டபடி, கட்டிடங்களின் நிழல் விழுந்த பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.