காலியாக இருந்த ஆணி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மருந்துக்கடைக்காரர் தேநீர் கலக்கிய கரண்டியில் ஏதோ ஓர் ஓட்டலின் பெயர் பொறித்திருந்தது. முகம் துடைத்த துண்டில் ஒரு விடுதியின் முத்திரை. சட்டைப்பையில் இருந்த பேனா, வங்கியில் கயிறு கட்டி வைத்திருந்தது. அறுந்த கயிற்றின் நுனி இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. திருடர் என்று சொன்னால் நமக்குத்தான் பாவம். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரைகூடத் தராத மனிதர் அவர். ஆனால் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டால் மட்டும் கை சும்மா இருக்காது. கேட்டால் ஞாபகார்த்தம் என்பார்.

"இன்னிக்கு சுரங்கத்துக்குப் போறோம். அங்க தூக்கிட்டு வர ஒண்ணும் கெடைக்காது, வெறும் இருட்டுதான்" என்றாள் மனைவி.

"மாமா மனசு வச்சா அதையும் மடிச்சுப் பைக்குள்ள வச்சுடுவாரு" என்றான் அவள் தம்பி. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மருந்துக்கடைக்காரர்தான்.

செம்பு வெட்டி எடுத்த பழைய சுரங்கம் அது. வேலை நின்று பல காலம் ஆகிவிட்டது. துருவேறிய பெரிய இரும்புச் சக்கரம், கவிழ்ந்து கிடக்கும் தள்ளுவண்டிகள், பார்வையாளர்களுக்காக விளக்குப் போட்டுச் சீராக்கிய ஒரு பாதை, இவ்வளவுதான் மிச்சம். நுழைவாயிலில் ஒரு பலகை நிறைய ஆணிகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பித்தளை வில்லை தொங்கியது.

வழிகாட்டிப் பெண்ணுக்குக் கணீரென்ற குரல். "அந்தக் காலத்துல வேலைக்கு இறங்குறவங்க செஞ்சதையே நாமளும் செய்யணும். ஆளுக்கு ஒரு வில்லையை எடுத்துக் கழுத்துல மாட்டிக்கோங்க. வெளிய வந்ததும் அதே ஆணியில திரும்ப மாட்டிடுங்க. ஆணி காலியா இருந்தா, உள்ள ஒரு ஆள் மாட்டிக்கிட்டாருன்னு அர்த்தம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். நம்மவர் மட்டும் ஹெல்மெட்டோடு தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஒரே கொண்டாட்டம். பாறைச் சுவர்களில் பச்சையும் நீலமும் வழிந்து உறைந்திருந்தன. பழைய இருட்டு எப்படி இருக்கும் என்று காட்ட வழிகாட்டி ஒரு நொடி விளக்கை அணைத்தாள். யாரோ "ஐயோ!" என்று அலறினார்கள். விளக்கு எரிந்தபோது மைத்துனன் தன் மாமாவை இறுகக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். கூட்டம் மொத்தமும் வயிறு குலுங்கச் சிரித்தது.

வெளியே வந்ததும் மருந்துக்கடைக்காரர் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தார். வில்லை கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது. எதிரே இருந்த தேநீர்க் கடையில் மூவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது சுரங்கவாயிலில் மணி அடித்தது.

"யார்கிட்டயாவது வில்லை இருக்கா? ஒரு ஆணி காலியா இருக்கு!" வழிகாட்டி கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.

அது தன்னுடைய ஆணிதான் என்று மருந்துக்கடைக்காரருக்குப் புரிந்தது. கை பைக்குள் போனது, ஆனால் வெளியே வரவில்லை. இத்தனை பேர் நடுவில் எப்படி எடுத்து நீட்டுவது? மைத்துனன் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவானே! ஒரு துண்டுப் பித்தளைதானே, தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று தேநீரை உறிஞ்சினார்.

அவர்கள் விடவில்லை. அடுத்த கூட்டத்தை நிறுத்தினார்கள். கயிற்றோடு இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"விளக்கு இருக்குற பாதையில பார்த்தாச்சு, யாரும் இல்ல. வேலியைத் தாண்டிப் பழைய பாதைக்குள்ள போயிருக்கணும்" என்றாள் வழிகாட்டி.

"அங்க மேல்கல்லு எல்லாம் பெயர்ந்து நிக்குதேம்மா" என்றார் கயிறு கொண்டுவந்தவர்களில் ஒருவர்.

"தெரியும்ணே. அதுக்காக உள்ள இருக்குறவரை அப்படியே விட்டுட முடியுமா?" அவள் பலகையிலிருந்து ஒரு வில்லையை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

மருந்துக்கடைக்காரரின் கையிலிருந்த கோப்பை கீழே விழுந்தது. மானமாவது மரியாதையாவது! "போகாதம்மா! போகாத!" என்று கத்திக்கொண்டு ஓடினார். வில்லையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். "நான்தாம்மா அந்த ஆள்! உள்ள இல்ல, இங்க டீ குடிச்சிட்டு இருக்கேன்!"

வழிகாட்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கயிறு பிடித்தவர்களும் சிரித்தார்கள். "ஆளு உயிரோட கெடச்சுட்டாருப்பா!" என்று யாரோ குரல் கொடுக்க, கைதட்டல் எழுந்தது.

"இவரைத் தேட இவ்வளவு பேரா!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவருக்கு மட்டும் கண் கலங்கியது. "என்மேல கோபமா இருக்காம்மா?"

"இருந்துச்சு சார். உள்ள யாரும் இல்லன்னு தெரிஞ்ச சந்தோஷத்துல அது எங்க போச்சுன்னே தெரியல."

இருவரும் தங்கள் வில்லைகளை ஆணிகளில் திரும்ப மாட்டினார்கள். வரிசை மறுபடி நகர்ந்தது. முன்னால் நின்றவர் ஒரு வில்லையை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "சூப்பரா இருக்கே!" என்றார்.

"சூப்பராத்தான் இருக்கு, ஆனா நம்மளது இல்ல சார்" என்றார் மருந்துக்கடைக்காரர். "பொதுவுல இருக்குற பொருள் ஒவ்வொண்ணையும் யாரோ ஒருத்தர் நம்பிட்டு இருக்காங்க. அது சின்னதுதானேன்னு நாம சுருட்டிட்டுப் போனா, நமக்காக அவங்க உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கும்."